கல்பாத்திப் பெயர் தாங்கிய ஓவியர்

தமிழகத்தின் எல்லையைக் கடந்து வந்து இச் சேர நாட்டில் குடியமர்ந்த நாம், ஆண்டு விழா மலர்தோறும் புலவர்களையும் தலைவர்களையும் இசைவாணர்களையும் போற்றி எழுதி வருகிறோம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தையும் செம்பை வைத்தியநாத பாகவதரின் குரலையும் பற்றிப் பேசாத ஆண்டு இல்லை. அவ்வாறு பேசுவது முறையே. ஆயினும், நம் ஊரின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கி உலகெங்கும் சென்ற ஓவியர் ஒருவரை நாம் போதிய அளவு நினைத்தோமில்லை. அவர்தாம் கே. ஜி. சுப்பிரமணியன். ‘கே’ என்பது கல்பாத்தி. ‘ஜி’ என்பது கணபதி.

புகைவண்டித் துறையில் கோப்புகளோடு நாளைக் கழிக்கும் எழுத்தன் யான். ஓவியக் கல்லூரியின் வாயிலை மிதித்தவனல்லன். ஆதலின் ஓவிய நுணுக்கங்களை எடைபோட்டுத் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஒரு வரலாற்றையே கூற வந்தேன். பழைய கைவினை முறைகளைப் பணிவோடு கற்ற ஒருவர், அவற்றைக் கொண்டே சிரிக்கவும் துணிந்தார். அச் சிரிப்பினால் அம் முறைகள் கெடவில்லை. அவர் கையில் மீண்டும் தளிர்த்தன. மரபை எவ்வாறு காப்பது என்று கவலையுறும் குடியேறிய மக்களாகிய நமக்கு இவ் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு.

கணவாயும் கல்பாத்தியும்

நீலமலைக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்கு மலைத்தொடர் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி நின்று வழிவிடுகிறது. காற்றும் மழையும், வணிகரும் படைகளும், உழவரும் நெசவாளரும் அவ் வழியே வந்தனர்; போயினர். 1861ஆம் ஆண்டு மேற்குக் கடற்கரையில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே தொடங்கிய இருப்புப் பாதை, அடுத்த ஆண்டிலேயே இக் கணவாயின் வழியாகக் கிழக்கு நாட்டோடு இணைந்தது. ஆனால் இருப்புப் பாதை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து ஆற்றங்கரைகளில் வீட்டு வரிசைகளை அமைத்துக் கொண்டன.

அவற்றுள் புகழ் வாய்ந்தது கல்பாத்தி. அங்குள்ள விசுவநாதர் கோயில் 1425ஆம் ஆண்டில் எழுந்தது என்று கல்வெட்டைச் சான்று காட்டிக் கூறுவர். காசியில் பாதி கல்பாத்தி என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கும் பழமொழி. மயிலாடுதுறைத் தேர்த் திருவிழாவை அடியொற்றியே கல்பாத்தித் தேர் ஐப்பசியில் ஓடுகிறது. காவிரிக் கரையின் வழக்கம் ஒன்று, பாரதப் புழையின் கிளையாற்றங்கரையில் வேர் பிடித்த கதை இது.

தெற்கே இடுக்கி மலைகளின் வரலாறு வேறு வகையினது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவிகுளம், மூணாறு, பீர்மேடு மலைகளில் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர்கள் மலையேறி வந்தனர். அவர்கள் கொண்டு வந்த செல்வம் அவர்தம் கையும் காலும், நாட்டுப் பாட்டும், மாரியம்மன் வழிபாடுமே. அம் மலைகளில் மனிதன் சித்திரம் எழுதுவது புதிதன்று. மறையூர்ப் பகுதிப் பாறைகளில் மிகப் பழைய காலத்து மாந்தர் எழுதிய விலங்கு உருவங்களை இன்றும் காணலாம். எழுத்தும் ஓவியமும் பிரியாதிருந்த காலத்தை நினைவூட்டுவது போல, அத்தகைய இடமொன்றை அவ்வூரார் எழுத்துக் குகை என்றே அழைக்கின்றனர்.

பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் தோற்பாவைக் கூத்து நடைபெறுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். கூத்து மாடத்தில் திரை கட்டி, அதன் பின்னே விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளை ஆட்டுகின்றனர். அங்குப் பாடப்படுவன கம்பன் பாடல்கள். மலையாள நாட்டுக் கோயிலில், அம்மன் கேட்க, தமிழ்ப் பாட்டு இரவெல்லாம் ஒலிக்கிறது. கலைக்கு எல்லைச் சாவடி இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இத்தகைய கலப்பு நிலத்தின் வழிவந்தவரே நம் ஓவியர்.

மாகியிலிருந்து சாந்திநிகேதனம் வரை

சுப்பிரமணியன் 1924ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் வடகேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தார். பாலக்காட்டு வழிவந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. இளமைக் காலம் மாகியில் கழிந்தது. அக்காலத்தில் மாகி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த சிற்றூர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ஆட்சியில் பிரெஞ்சு, படிப்பில் ஆங்கிலம் என்று நான்கு காற்றும் வீசும் இடத்தில் அச் சிறுவர் வளர்ந்தார்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றார். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்தது. காந்தியடிகளின்பால் ஈடுபாடு கொண்ட அம் மாணவர் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். அதன் பயனாக அரசினர் கல்லூரிகளில் மீண்டும் பயிலும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. ஒரு கதவு அடைபட மறு கதவு திறந்தது. 1944இல் வங்கத்துச் சாந்திநிகேதனில் தாகூர் நிறுவிய கலாபவனத்தில் மாணவராகச் சேர்ந்தார். பொருளியல் அறிஞராகவோ அரசு அலுவலராகவோ ஆகியிருக்க வேண்டியவரை வெள்ளையர் ஆட்சியின் தடையாணை ஓவியராக்கிற்று என்று சொல்லின் அது மிகையாகாது.

அங்கு அவருக்கு வாய்த்த ஆசான்கள் மூவர்: நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ். நந்தலால் போஸ் அஜந்தாவின் கோட்டையும் சிற்றூர்க் குயவன் கைத்திறனையும் ஒரே மதிப்போடு நோக்கியவர். 1938இல் ஹரிபுராவில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிற்காகக் குயவர், தச்சர், மேளக்காரர் முதலிய உழைக்கும் மக்களை நாட்டுப்புறப் பாணியில் தீட்டித் தந்தவர் அவரே. வினோத் பிகாரி முகர்ஜியோ பார்வைக் குறைவோடு பிறந்தும் சுவரோவியத்தில் பேராற்றல் பெற்றவர். 1946-47இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் அவர் இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டியபோது, உடனிருந்து துணைபுரிந்த மாணவர்களுள் சுப்பிரமணியனும் ஒருவர்.

ஈரச் சுவரில் ஓவியம் தீட்டும் முறையைச் சிறிது விளக்க வேண்டும். சுண்ணக் காரை உலர்வதற்கு முன்னரே அதன்மீது வண்ணத்தை இட வேண்டும். காரை காயும்போது வண்ணமும் அதனோடு ஒன்றாகி இறுகிவிடும். அன்றன்றைக்குத் தீட்டக்கூடிய அளவே காரை பூசுவர். அழித்து எழுத இயலாது. தயங்கும் கைக்கு அங்கு இடமில்லை. இத்தகைய கடும் பயிற்சியில் தேர்ந்த கையே பின்னாளில் விளையாடவும் தொடங்கிற்று என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். கற்காதவன் கிறுக்குவது வேறு. கற்றவன் விளையாடுவது வேறு.

1951இல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியரானார். 1955-56இல் இலண்டன் ஸ்லேடு ஓவியக் கல்லூரியில் பயின்றார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையின் துணை இயக்குநராகப் பணிபுரிந்தார். மீண்டும் பரோடா, 1966-67இல் ராக்பெல்லர் உதவிநிதி பெற்று நியூயார்க், 1980இல் பேராசிரியராகத் தாம் பயின்ற சாந்திநிகேதனுக்கே திரும்பினார். 2004க்குப் பின் மறுபடியும் பரோடாவில் வாழ்ந்து, 2016ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் தம் 92ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். அரசு அவருக்கு 1975இல் பத்மஸ்ரீயும் 2006இல் பத்மபூஷணும் 2012இல் பத்மவிபூஷணும் அளித்தது. முன்னோர் ஒருமுறை கணவாயைக் கடந்தனர். இவரோ வாழ்நாளெல்லாம் கடந்துகொண்டே இருந்தார்.

களிமண்ணும் கண்ணாடியும்

ஓவியர் என்றால் சட்டமிட்ட துணியில் வண்ணம் தீட்டுபவர் என்று நாம் எண்ணுகிறோம். சுப்பிரமணியன் அவ்வெல்லைக்குள் அடங்கவில்லை. களிமண், கண்ணாடி, நூல், மரம், காகிதம் என எப்பொருள் கைக்கு வந்தாலும் அப்பொருளின் பழைய வினைஞரிடம் பாடங்கேட்டார். பின்பு அப்பொருளைத் தம் போக்கில் பேச வைத்தார்.

இலக்குமணபுரி எனத் தமிழில் சொல்லத்தகும் லக்னோ நகரில், சார்பாக் புகைவண்டி நிலையத்தின் அருகே இரவீந்திராலயம் என்னும் அரங்கம் இருக்கிறது. வடநாட்டுப் பயணம் செல்லும் நம் புகைவண்டி நண்பர்கள் அதனைத் தவறாது காண வேண்டும். அதன் புறச்சுவரில் 1963இல் சுப்பிரமணியன் அமைத்த சுடுமண் சுவர்ச் சிற்பம் விளங்குகிறது. ஏறத்தாழ 81 அடி நீளமும் 9 அடி உயரமும் கொண்டது. ஆயிரக்கணக்கான சுடுமண் ஓடுகளால் ஆனது. தாகூர் எழுதிய ‘இருட்டறை மன்னன்’ நாடகமே அதன் பொருள். உண்மை அரசனை யாரும் கண்ணால் கண்டதில்லை. அவ்விடைவெளியில் அழகிய தோற்றமுடைய போலி அரசன் ஒருவன் உலா வருகிறான். அரசியும் மக்களும் அவனை நம்பி ஏமாறுகின்றனர். வங்கக் கோயில்களின் சுவர்களில் இராமாயணத்தைச் சுடுமண்ணில் பதித்த குயவர்களின் பழைய முறையைக் கொண்டே, தோற்றத்தைக் கண்டு மயங்கும் மக்களின் கதையை அவர் சொன்னார்.

பின்னாளில் அவர் செய்த சுடுமண் பலகைகளில் களிமண்ணைத் தட்டி, உருட்டி, மடித்து, கிள்ளி உருவங்களை அமைத்தார். நம் வீட்டுப் பெண்டிர் கொழுக்கட்டைக்கு மாவைத் தட்டி விளிம்பைக் கிள்ளி மடிப்பதை நினைத்துக் கொண்டால் அம் முறை எளிதில் விளங்கும். சேலையின் மடிப்பும், மனிதனின் உதடும், படைத் தலைவனின் மார்புப் பதக்கமும் அவ்வாறு பிறந்தன.

1979ஆம் ஆண்டையொட்டி அவர் கண்ணாடி ஓவியத்தைக் கையிலெடுத்தார். தஞ்சாவூர்ப் பகுதியில் பழைய வீட்டுப் பூசையறைகளில் வெண்ணெய்க் கண்ணனும் இராமர் பட்டாபிடேகமும் கண்ணாடியில் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அது கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டப்படுவது. ஆகவே வரிசை முற்றும் தலைகீழாகும். மற்ற ஓவியத்தில் இறுதியாக இடும் கண்மணியையும் நகையின் முத்தையும் இதில் முதலிலேயே இட வேண்டும். அதன் பின்னரே முகத்தின் நிறம். அனைத்திற்கும் கடைசியாகப் பின்னணி. இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும். இங்கும் ஈரச் சுவரைப் போலவே தயக்கத்திற்கு இடமில்லை.

இந் நுட்பத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார்? பழைய கண்ணாடி ஓவியத்தில் அரியணையில் வீற்றிருந்த தெய்வத்தின் இடத்தில், சன்னலில் சாய்ந்து நிற்கும் பெண்ணும், அவள் தோளருகே திருட்டுப் பார்வையோடு பூனையும் வந்து அமர்ந்தனர். சாந்திநிகேதனில் தாம் வாழ்ந்த பூர்வபள்ளியின் பெயராலேயே ‘பூர்வபள்ளித் தேவதைக் கதைகள்’ என்று ஒரு வரிசை தீட்டினார். ஆடு, குரங்கு, காக்கை, வீட்டுப் பெண், பல கைகளையுடைய தேவி ஆகிய எல்லோரும் அவருடைய படங்களில் ஒரே கூரையின்கீழ் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலைப் புகைவண்டியின் பொதுப் பெட்டியை ஒத்த கூட்டம் அது!

நகையின் நான்கு நிலைக்களன்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். அது தோன்றும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்காக வகுத்தார். இந் நான்கும் சுப்பிரமணியன் படைப்புகளில் இருத்தலைக் காணலாம்.

எள்ளலை முதலில் நோக்குவோம். 1971இல் வங்காள தேசம் பிறந்தபோது நிகழ்ந்த கொடுமைகள் உலகை உலுக்கின. அக்காலத்தில் அவர் ‘படைத் தலைவர்களும் வெற்றிப் பரிசுகளும்’ என்னும் சுடுமண் வரிசையைப் படைத்தார். உப்பிய மார்பு, மார்பு நிறையப் பதக்கங்கள், அருகே சிதைந்த மனித உறுப்புகள். முதற்பார்வையில் பொம்மைக் கொலு போன்றிருக்கும், சிரிப்பு வரும். மறு பார்வையில் அச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். 1975இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையை உள்ளத்திற் கொண்டு ‘பேசும் முகத்தின் கதை’ என்னும் படக்கதையை ஆக்கினார். சிறுவர் கதையின் உடையணிந்து வந்த அரசியல் அங்கதம் அது.

இளமை நகைக்கு அவருடைய பொம்மைகளும் சிறுவர் நூல்களும் சான்று. பரோடா நுண்கலைப் பிரிவில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நடத்திய கலைச் சந்தைகளுக்காக மரத்துண்டுகளையும் மணிகளையும் கொண்டு விலங்குப் பொம்மைகள் செய்தார். ‘கடவுள் முதன்முதல் விலங்குகளைப் படைத்தபோது எல்லாவற்றையும் ஒன்றுபோலவே படைத்தார்’ என்ற பொருள்படும் நீண்ட தலைப்பில் குழந்தைகளுக்கு ஒரு நூல் செய்தார். பேராசிரியர் ஒருவர் பொம்மை செய்வதை இழிவாகக் கருதவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

பேதைமை என்பது அறியாமையால் விளைவது. 1987-88இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் அவர் தங்கியிருந்தார். ஜகாங்கீர் காலத்து அரசவை ஓவியர், அபினிப் பழக்கத்தால் எலும்பும் தோலுமாகிச் சாகக் கிடந்த இனாயத் கான் என்னும் அலுவலரை 1618ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய புகழ்பெற்ற சித்திரம் அந்நகர் நூலகத்தில் உள்ளது. சுப்பிரமணியன் அம் மனிதரையே எடுத்துக்கொண்டு, ‘இனாயத் கான் ஆக்ஸ்போர்டைப் பார்க்கிறார்’ என்று படம் செய்தார். முகலாய நாட்டுப் பழையவர் ஒருவர் அயல்நாட்டுக் கல்வி நகரத்தின் நடுவே திகைக்கும் காட்சியைத் தலைப்பே நம் கண்முன் நிறுத்துகிறது. புதிய ஊரில் இறங்கி வழி தெரியாது விழித்த அனுபவம் நம் குடும்பங்களில் யாருக்குத்தான் இல்லை?

மடமையாவது, பிறர் சொன்னதை ஐயுறாது பற்றிக்கொண்டு விடாதிருத்தல். லக்னோச் சுவரில் போலி அரசனைத் தொழும் கூட்டம் அதற்கு எடுத்துக்காட்டு. தொண்ணூறை நெருங்கிய வயதில் அவர் தீட்டிய ‘புனித எச்சங்களின் போர்’ என்னும் பெரும்படம் அதனினும் கடுமையானது. 36 அடி நீளமும் 9 அடி உயரமும் உடைய அப்படத்தில், பழம்பெருமையின் எச்சங்களைக் கட்டிக்கொண்டு மனிதர் ஒருவரையொருவர் அழிக்க முற்படுகின்றனர். பழமையை வாழ்நாளெல்லாம் நேசித்த ஒருவரே, பழமையை ஆயுதமாக்கும் மடமையைக் கண்டு நகைத்தார், நகைத்து வருந்தினார்.

தெய்வத்தைக் கண்டு சிரிக்கலாமா?

“தேவியின் அருகே பூனையைத் தீட்டுவதா? இது மரபுக்கு இழுக்கன்றோ?” என்று நம் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. அயல் மண்ணில் வாழ்வோர்க்கு மரபே வேலி. வேலியைப் பார்த்துச் சிரித்தால் வேலி சாய்ந்துவிடுமோ என்னும் அச்சம் இயற்கையானது.

அவர்களை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் அருச்சுனன் தவத்தைப் பெரும்பாறையில் செதுக்கினர். ஒற்றைக் காலில் நின்று அரிய தவம் புரியும் முனிவனை மேலே காட்டிய அதே பாறையின் கீழ்ப்பகுதியில், பூனை ஒன்று பின்கால்களில் நிமிர்ந்து முன்கால்களை உயரத் தூக்கித் தவம் செய்கிறது. அதனைச் சுற்றிலும் எலிகள்! தவத்தை மதித்த சிற்பியே போலித் தவத்தைப் பகடி செய்தான். அதனால் அருச்சுனன் தவம் குறைந்துபோயிற்றா? பதின்மூன்று நூற்றாண்டுகளாக அப்பாறையின் முன் நிற்கும் குழந்தைகள் முதலில் தேடுவது அப் பூனையைத்தான். பூனையைக் கண்ட பின்னரே அவர்கள் கண் மேலே சென்று தவசியைக் காண்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில் பதினொன்றாம் நூற்றாண்டில் தீட்டிய சுந்தரர் வரலாற்றிலும் இதே உள்ளம் உண்டு. திருமணப் பந்தலில் ஓலையைத் தூக்கிப் பிடித்து வழக்காடும் கிழவராக அங்குச் சிவபெருமானே நிற்கிறார். அரசன் எடுத்த கோயிலில், கருவறையைச் சுற்றிய சுவரில், இறைவன் வம்பு வழக்காளியாக வருகிறார். காளமேகத்தின் நிந்தாத்துதியைச் சுவைத்த தமிழர்க்கு இது புதிதன்று. தெருக்கூத்தில் அரசனுக்கு முன்னரே கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பதும் புதிதன்று.

நாம் வாழும் இந் நாட்டின் வழக்கமும் அதுவே. பாலக்காட்டு மாவட்டத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் பதினெட்டாம் நூற்றாண்டில் துள்ளல் கலையை உருவாக்கினார். புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே தம் காலத்து அதிகாரிகளையும் போலிகளையும் அவர் உரித்துக் காட்டினார்.

வங்கத்திலும் இப் பூனை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாக் காளி கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த பட ஓவியர்கள், நெற்றியில் நாமமும் வாயில் இறாலுமாக ஒரு பூனையைத் தீட்டி விற்றனர். போலித் துறவிகளைக் குறித்த எள்ளல் அது. அக் காளிகாட்டு ஓவியத்தின் விரைந்த கோட்டையும் அதன் குறும்பையும் சுப்பிரமணியன் பெரிதும் விரும்பினார். மாமல்லைப் பூனையும் காளிகாட்டுப் பூனையும் அவர் படத்துப் பூனையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆகவே அவர் நகை மரபுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. நாம் மரபைப் பெட்டியில் வைத்துப் பூட்டியபோது பெட்டிக்கு வெளியே விட்டுவிட்ட பகுதியையே அவர் எடுத்துக்கொண்டார்.

உரிமை கொண்டாடும் முறை

இறுதியாக ஒன்று கூற வேண்டும். புகழ் பெற்ற ஒருவரைக் கண்டால் “அவர் நம்மவர்” என்று மார்தட்டுவது எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான பழக்கம். சுப்பிரமணியன் பெயரில் கல்பாத்தி இருப்பதனாலேயே அவரை நம்மவர் என்று கொண்டாடிவிட முடியுமா? அவர் பிறந்தது கல்பாத்தியில் அன்று. தம் கலை ஆராய்ச்சி நூல்களை அவர் எழுதியது ஆங்கிலத்தில். வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது குசராத்திலும் வங்கத்திலும். குலத்தையோ ஊரையோ சொல்லி அவரைச் சொந்தமாக்கிக் கொண்டால், பழம்பெருமையின் எச்சத்திற்காகச் சண்டையிடும் அவருடைய படத்து மாந்தரில் நாமும் ஒருவராகிவிடுவோம்.

அவரை நம்மவராக்கிக் கொள்ள ஒரே வழிதான் உண்டு. அவருடைய படங்களைக் காண வேண்டும். அவர் செய்ததை நம் அளவில் நாமும் செய்ய வேண்டும். சென்ற இடத்துக் கைவினைஞரிடமெல்லாம் அவர் மாணவராக அமர்ந்தார். வங்கத்துக் குயவரும் கைத்தறி நெசவாளரும் அவருக்கு அயலாராக இருந்ததில்லை. குடிபெயர்தலால் இழப்பு நேரும் என்று நாம் அஞ்சுகிறோம். அவர் வாழ்வோ, குடிபெயர்தலே கல்வியாக முடியும் என்று காட்டுகிறது.

நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளிகளிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். விழா நாளில் அவர்களை வரிசையில் அமர்த்தி மரபின் பெருமையைப் பற்றி இரண்டு மணி நேரம் சொற்பொழிவாற்றுகிறோம். அவர்கள் கொட்டாவி விடுகின்றனர். குறை பிள்ளைகளிடம் இல்லை. வணங்குவதற்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்ட பொருளைக் குழந்தை தொடாது. தொடாத பொருளை நேசிக்காது. இது வெறும் கலைச் செய்தியன்று. இன்னும் ஒரு தலைமுறையில் இச் சங்கத்தின் கதவைத் திறப்பார் இருப்பாரா என்னும் வினா இதிற்றான் அடங்கியுள்ளது.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். சுப்பிரமணியனின் ஓவியத் தொகுதிகளும் சிறுவர் நூல்களும் நம் நூலகத்திற்கு வாங்கப்பெறுதல் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி ஒன்றைக் குறைத்து, அந்நேரத்தில் குழந்தைகளிடம் களிமண்ணைக் கொடுத்தல் வேண்டும். கல்பாத்தித் தேரையும் தோற்பாவை இராவணனையும் மூணாற்றுத் தேயிலைக் கூடையையும் அவர்கள் தம் விருப்பம் போலச் செய்யட்டும். இராவணனுக்குப் பத்துத் தலைக்குப் பதில் பதினொன்று வைத்தாலும் யாரும் திருத்த வேண்டா.

1990ஆம் ஆண்டையொட்டிச் சாந்திநிகேதன் கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் புறச்சுவர்களைச் சுப்பிரமணியன் கறுப்பும் வெள்ளையுமான உருவங்களால் நிறைத்திருந்தார். மழையும் வெயிலும் அவற்றை மங்கச் செய்தன. 2009இல், தம் 85ஆம் வயதில், அவர் அச்சுவர்களை மீண்டும் தீட்டினார். பழையதை அப்படியே படியெடுக்கவில்லை. புதிய உருவங்களைப் படைத்தார். மரபைப் புதுப்பித்தல் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நம் சுவர்களும் மங்கித்தான் வருகின்றன. தூரிகையைப் பிள்ளைகள் கையில் கொடுப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!